ஃபின்லாந்தில் பார்த்த திதி

வலியசாலை, திருவனந்தபுரம்
16 டிசம்பர் 2025, செவ்வாய்

சுமந்துக்கு,

ஆசீர்வாதத்தையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்டதற்குப் பதில் சொல். புது சர்வருக்கு மாற்றினேன், புது சர்வருக்கு மாற்றினேன் என்று போன மாதம் முழுக்கப் பீற்றிக்கொண்டாயே, என் திதி வலைப்பக்கத்தை என்னடா செய்து வைத்திருக்கிறாய்?

இன்று காலை நான் ஆடிட்டர் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தைலா மாமி வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. கையில் அச்சடித்த பஞ்சாங்கம். கரமனையில் அவள் தம்பி வீட்டில் நேற்றுச் சாயங்காலம் சும்மா புரட்டியிருக்கிறாள். மாமாவின் திதி ஏகாதசி. பஞ்சாங்கத்தில் அது திங்கட்கிழமை. நம் பக்கம் அவர்களுக்கு மெயில் அனுப்பியது ஞாயிற்றுக்கிழமை என்று. நான் ஞாயிறு விடியற்காலையிலேயே நாகர்கோவிலுக்கு ஜானகி பெண் கல்யாணத்துக்குப் போய்விட்டு, நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற நேரத்துக்குத்தானே திரும்பி வந்தேன்? அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டில் சிராத்தம் நடந்திருக்கிறது. பிள்ளை பெங்களூரிலிருந்து வந்து, செய்துவிட்டு, அன்று ராத்திரி பஸ்ஸுக்கே போயும் விட்டான்.

மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மீனு, உன் கம்ப்யூட்டர் எங்காத்து மனுஷரை ஒருநாள் முன்னாடியே சாப்பிடக் கூப்பிட்டுடுத்தாக்கும். அவர் வந்தாரோ, வரலையோ? வராம போய், நேத்திக்கு வந்து பார்த்து, ஒண்ணும் இல்லைன்னு திரும்பிப் போயிருந்தார்னா?" என்று கேட்டாள். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பத்து வருஷம், சுமந்த். இந்தத் தெருவிலும் கரமனையிலும் இருப்பவர்கள், பெங்களூருக்கும் துபாய்க்கும் போனவர்கள் என்று முந்நூறு வீட்டுக்கு, அவரவர் பெரியவர்களின் திதி இந்த வருஷம் எந்தத் தேதியில் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை தப்பியதில்லை. சிராத்தம் செய்து வைக்கிற பிச்சுமணி வாத்தியாருக்குப் போன் செய்தேன், அவர் மாமிக்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டாமா என்று சண்டை பிடிக்கத்தான். அவர் சொன்ன பதிலில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. "எனக்கிப்போ பஞ்சாங்கம் வாயிக்கிற பழக்கமே விட்டுப்போச்சு மீனு. உன் பக்கத்தைப் பார்த்துத்தானே நான் தேதி குறிச்சுக் குடுக்கறேன்!" வேலியும் நானே, பயிரை மேய்ந்ததும் நானே.

நீ மாற்றிய பிறகு வந்த திதிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தேன். எட்டு வீட்டில் தப்பு. எட்டும் ஒரு நாள் முந்தி.

தப்பின திதியை அடுத்த அமாவாசையில் செய்யலாம் என்று சாஸ்திரம் வழி விட்டிருக்கிறதாம். அமாவாசை இந்த வெள்ளிக்கிழமை. அதற்குள் எட்டுப் பேருக்கும் சொல்லியாக வேண்டும். மெயில் அனுப்புகிற இடத்துக்குள் நான் போனால், புதுக் கடவுச்சொல் கேட்கிறது. அது உன்னிடம் இருக்கிறது. உடனே அனுப்பு.

மீனு

*

ஹாம்பர்க்
17 டிசம்பர் 2025

அக்கா,

போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. அப்பா போட்ட சட்டம்தானே, சண்டை என்றால் எழுத்தில் என்று. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் நாம் இருவரும் கத்துவோம், மூன்றாவது நிமிஷம் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன்.

எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன். பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பழைய சர்வர் மும்பையில் இருந்தது. அந்தக் கம்பெனியைப் போன மாதத்தோடு மூடுகிறார்கள் என்றுதானே மூன்று பக்கங்களையும் மாற்றினேன்: என்னுடைய போட்டோ பக்கம், அப்பா மொட்டைமாடியில் மழை அளந்து எழுதிவைத்த பக்கம், உன்னுடைய திதி. ஒரு சாயங்கால வேலை. படங்கள் வந்தனவா என்று பார்த்தேன், தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், மெயில் போகிறதா என்று எனக்கே அனுப்பிப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

புது சர்வர் இருப்பது ஃபின்லாந்தில். அது வைத்திருப்பது கிரீன்விச் நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால். பிற்பகலில் எந்தத் திதி நடக்கிறதோ அன்றைக்குத்தான் சிராத்தம் என்று நீ சொன்னாய், நானும் அப்படியே எழுதினேன். ஆனால் யாருடைய பிற்பகல் என்று எழுதவில்லை. மும்பையில் இருந்தவரை அது நம் பிற்பகல். இப்போது அங்கே பிற்பகல் ஆகும்போது உனக்கு விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிடுகிறது. மத்தியானத்துக்கும் விளக்கு வைப்பதற்கும் நடுவில் திதி மாறுகிற நாட்களில் மட்டும், மறுநாள் திதியை இன்றைக்கே வந்துவிட்டது என்று அது சொல்லிவிடுகிறது. நாலைந்தில் ஒன்றுதான் தப்பும். எல்லாம் தப்பியிருந்தால் முதல் வாரமே பிடித்திருப்போம்.

திருத்தியாகிவிட்டது. ஒரே ஒரு வரி. இனிமேல் தப்பாது. அதனால் சொல்கிறேன், யாருக்கும் எழுதாதே.

கோபிக்காமல் யோசி. அந்த எட்டு வீட்டிலும் மனசாரச் செய்தார்கள், நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். அதைப் போய்க் கலைப்பானேன்? பித்ருக்கள் ஒரு நாள் முந்திக் கூப்பிட்டதற்கெல்லாம் முறுக்கிக்கொள்கிற சம்பந்தி வீட்டார் இல்லை. மாமிக்கு மட்டும் நான் போன் செய்து ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்தின் அடியில் என் பெயரும் இருக்கிறது, அக்கா. நான் மறுபடி அந்தத் தெருவில் நடக்க வேண்டும்.

நல்லவேளை, சனிக்கிழமை நாம் செய்த அப்பாவின் திதி தப்பவில்லை. தப்பியிருந்தால் உன் முதல் வரியே வேறு மாதிரி இருந்திருக்கும். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். காக்கைக்கு வைத்த சாதத்தை அரை மணி நேரம் ஒன்றும் வந்து தொடாதபோது, "இன்னிக்குக் காக்கைக்கெல்லாம் ஹர்த்தால் போலிருக்கு" என்று நான் சொன்னதற்கு நீ முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். அப்பா போனபோது விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட் கையில் இல்லாமல், உன் போனில்தான் அவரைப் பார்த்தேன். ஒரே பிள்ளை, கொள்ளி வைக்க வரவில்லை. இந்த ஒன்றையாவது நேரத்துக்கு வந்து செய்தேன் என்று விமானத்தில் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வருஷத்தில் அப்படித் தூங்கியது அன்றுதான்.

சுமந்த்

*

வலியசாலை
17 டிசம்பர் 2025

சுமந்துக்கு,

படித்தேன். கடிகாரம், கிரீன்விச், ஃபின்லாந்து எல்லாம் புரிந்தது. புரியாதது ஒன்றுதான். மாமிக்கு நீ என்ன சமாதானம் சொல்வாய்? மாமா ஃபின்லாந்து வழியாக வந்து சாப்பிட்டுப் போய்விட்டார் என்றா?

நம்பிக்கை உனக்கில்லை, சரி. என்னை நம்பியவர்களுக்கு இருக்கிறது. துபாயிலிருந்து ஒருத்தர், முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்து செய்தாராம், வாத்தியார் சொன்னார். அவர் மறுநாள் இங்கேயேதான் இருந்திருக்கிறார், பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கடைகண்ணி பார்த்துக்கொண்டு. அது அவர் அம்மாவின் நாள் என்று அவருக்குத் தெரியாது. தெரியவே வேண்டாம் என்கிறாய். யாருக்காக? அவருக்காகவா, பக்கத்தின் அடியில் இருக்கிற உன் பெயருக்காகவா?

கணக்கு எழுதுகிற ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். தப்பு வரும். எனக்கும் வந்திருக்கிறது. வந்த தப்பை இவருக்குத் தெரியாதே என்று மூடி வைக்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. உன்னோடும் பேசாமல் இருக்க என்னால் முடியும்.

இதோடு முடித்து அனுப்பிவிடலாம் என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் வைத்தேன். பொங்கி வழிந்தது. திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். முதல் கடிதத்தில் எட்டு வீடு என்று எழுதினேன். எட்டு இல்லை. ஒன்பது.

அப்பாவின் தசமி சனிக்கிழமை பிற்பகலில் இல்லை, சுமந்த். சாயங்காலம்தான் பிறந்திருக்கிறது. நாம் செய்து முடித்து, இலையை எடுத்து, நீ குளித்து வேட்டியை மாற்றி, தெருமுனைக் கடையில் டீ குடிக்கப் போன பிறகு. அப்பாவின் நாள் ஞாயிற்றுக்கிழமை.

பஞ்சாங்கத்தில் நான் முதலில் பார்த்த வரி அதுதான். மூன்று தடவை பார்த்தேன். பக்கம் மாறிப் பார்க்கிறேனோ என்று தைலா மாமியையே கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு, அவள் வருத்தத்தையே மறந்துவிட்டு, "ஐயையோ குழந்தே" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயசில் எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.

வருஷம் பூராவும் ஒரு விசேஷத்துக்கும் போகாமல் இருந்துவிட்டு, அப்பாவுக்கு எல்லாம் முறையாக முடிந்தது என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் போன முதல் கல்யாணம் ஜானகி பெண்ணுடையது. அப்பாவின் திதியன்று, அவருக்கு ஒரு வாய் எள்ளும் தண்ணீரும் இல்லாத நேரத்தில், நான் நாகர்கோவிலில் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு உடம்பே கூசுகிறது.

நீ நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதியிராவிட்டால் ஒருவேளை சொல்லியிருக்க மாட்டேன். அதைப் படித்ததும், சொல்லாமல் விடலாம் என்றுதான் இன்னும் பலமாகத் தோன்றியது. அப்புறம் அந்த துபாய்க்காரர் ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு நியாயம், என் தம்பிக்கு ஒரு நியாயமா?

வெள்ளிக்கிழமை அமாவாசை. கடவுச்சொல்லை அனுப்பு.

மீனு

*

ஹாம்பர்க்
18 டிசம்பர் 2025

அக்கா,

கடவுச்சொல் அனுப்பவில்லை. மெயிலை நானே அனுப்பிவிட்டேன். எட்டு வீட்டுக்கும் தனித்தனியாக. என்ன நடந்தது, சரியான நாள் எது, வெள்ளிக்கிழமை என்ன செய்யலாம், எல்லாம் எழுதினேன். மற்ற எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒன்று. தப்பு என்னுடையது, மீனாட்சியுடையது இல்லை என்று முதல் வரியிலேயே இருக்கிறது. கீழே என் போன் நம்பர். யாருக்குத் திட்டத் தோன்றுகிறதோ கூப்பிடட்டும்.

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். காபி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு கையில் கோப்பையோடு. "ஒன்பது" என்ற இடம் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் கையிலிருந்து கோப்பையை வாங்கி வைத்தான். என்ன ஆயிற்று என்று கேட்டான். என்ன சொல்வது? என் அப்பாவை நான் ஒரே ஒரு நாளில் தவறவிட்டேன் என்றேன். போன வருஷமே இறந்துவிட்டாரே என்றான்.

நாளைக்குள் அங்கே வந்துவிட முடியுமா என்று பார்த்தேன். கிறிஸ்துமஸ் கூட்டம். எந்த வழியாகவும் இடமில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் இருந்தால் நீ என்னைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மையாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வீட்டில் தனியாக இருந்தேன். நீ சாம்பார், பொரியல் எல்லாம் செய்து மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாய். நான் அதைத் தொடவில்லை. ஹோட்டலிலிருந்து பரோட்டாவும் முட்டை ரோஸ்ட்டும் வரவழைத்தேன். அக்ரஹாரத்து வீட்டில் முட்டை. மணம் தெருவுக்குப் போகக் கூடாது என்று மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். அப்பா மழை அளக்கிற டப்பா இன்னும் அங்கேதானே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு காக்கை வந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கத்தியது. விரட்டினேன், போகவில்லை. இன்னும் பக்கத்தில் வந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது, பொட்டலத்து இலையைப் பார்த்தது, மறுபடி கத்தியது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. சனிக்கிழமை தொண்டை கிழியக் கூப்பிட்டபோது வராத சனியன் இப்போது வந்து உயிரை வாங்குகிறதே என்று, செருப்பைக் கழற்றி எறிந்தேன்.

பட்டது, அக்கா. இறக்கையில் பட்டது.

காக்கை தினமும்தான் வரும். முட்டை வாசனைக்கு எங்கிருந்தாலும் வரும். இதையெல்லாம் நேற்றிலிருந்து எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்று உனக்கு எழுதினேனே, அது இப்போதும் உண்மைதான். ஆனால் கண்ணை மூடினால் அது தலையைச் சாய்த்துப் பார்த்ததுதான் வருகிறது. அப்பா கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கும்போது அப்படித்தானே சாய்ப்பார்.

கொள்ளிக்கு வரவில்லை. வந்த ஒரு தடவை, சரியான நாளில், செருப்பால் அடித்தேன்.

உன்னிடம் எதுவும் கேட்க எனக்கு வாயில்லை.

சுமந்த்

*

வலியசாலை
20 டிசம்பர் 2025

அன்புள்ள சுமந்துக்கு,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. மெயிலாவது பார்க்கிறாயா? சாப்பிடுகிறாயா?

முதலில் ஊர்ச் செய்தி. நேற்று அமாவாசைக்கு எட்டில் ஆறு வீட்டில் மறுபடியும் செய்துவிட்டார்கள். தைலா மாமியின் பிள்ளை பெங்களூரிலிருந்து திரும்பவும் பஸ் ஏறி வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான், போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போனான். துபாய்க்காரர் அங்கேயே கடற்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டாராம். அவருக்கு யாரோ போனில் மந்திரம் சொல்லிக்கொடுத்தார்களாம். ஒரு வீட்டில் என்னை நன்றாகத் திட்டி, பட்டியலிலிருந்து பெயரை எடு என்றார்கள். எடுத்துவிடு. இன்னொரு வீட்டில் பதிலே இல்லை. மற்ற முந்நூறில் நிறையப் பேர், சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருக்கிறார்கள். பிச்சுமணி வாத்தியார் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப் பஞ்சாங்கம் ஒன்று வாங்கிவிட்டார். "இனிமே ரெண்டையும் பார்த்துட்டுத்தான் சொல்றதாக்கும்" என்கிறார். பக்கத்தில் உன் பெயரை எடுக்க வேண்டாம். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

அப்பாவுக்கு என்ன செய்வது என்று வாத்தியாரிடம் கேட்டேன். "அவன் தை அமாவாசைக்கு வரட்டும். அப்பா எங்க போயிடப் போறார்?" என்றார். வா.

முட்டை ரோஸ்ட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பொட்டலக் காகிதத்தைக் குப்பைக் கூடையின் அடியில் நீ ஒளித்து வைத்ததை அன்றைக்கே பார்த்துவிட்டேன். போகிற பிள்ளையை என்னத்தைச் சொல்வது என்று விட்டேன். உனக்கு எதையும் ஒளித்து வைக்கத் தெரியாது, சின்ன வயசிலிருந்தே.

அந்தக் காக்கையை நினைத்து நீ உருகாதே. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நீ விரட்டின பிறகு அது நேரே கீழே சமையலறை ஜன்னலுக்குத்தான் வந்தது. நான் பார்த்தேன். தயிர்சாதம் பிசைந்து ஒரு உருண்டை ஜன்னல் திண்டில் வைத்தேன். ஒரு பருக்கை விடாமல் தின்றது. இறக்கையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பறந்து போய் எதிர் வீட்டுத் தென்னையில் உட்கார்ந்தது. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் இல்லை, அது ஒன்றுதான் குறை. அப்பாவுக்குத் தயிர்சாதம் என்றால் நார்த்தங்காய் இருந்தாக வேண்டும், உனக்குத் தெரியுமே. மற்றபடி வயிறு நிறைந்துதான் போனார்.

அதனால் அழாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. முதல் கடிதத்தில் நிறுத்தி வைத்திருந்த ஆசீர்வாதம் எல்லாம் இதோடு.

உன் அக்கா,
மீனு

*

ஹாம்பர்க்
21 டிசம்பர் 2025

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ நாகர்கோவிலில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நீயே எழுதியிருக்கிறாய், அதுவும் உடம்பு கூசுகிறது என்று. சமையலறை ஜன்னல் நான் மூடி வைத்தபடி சாயங்காலம் வரை மூடித்தான் இருந்தது.

எட்டு வீட்டுக்கும் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்றாய். ஒன்பதாவது வீட்டுக்கு மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கிறாய். உனக்கும் எதையும் ஒளித்து வைக்கத் தெரியவில்லை.

அந்த உருண்டையைப் பற்றிய வரிகளை நாலைந்து தடவை படித்தேன். படிக்கப் படிக்க அழுகை வந்தது. பிறகு எழுந்து சாதம் வைத்து, தயிர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். தூங்கியும் விட்டேன்.

தை அமாவாசைக்கு முதல் நாள் காலையில் வந்து இறங்குகிறேன். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் தைலா மாமியைப் போனில் கூப்பிட்டு, பஞ்சாங்கத்தைத் திறந்து தேதியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "ஏண்டா, உன் கம்ப்யூட்டர் என்ன சொல்றது?" என்று கேட்டாள். அது சொல்வது கிடக்கட்டும் மாமி, நீங்கள் படியுங்கள் என்றேன். இரண்டு தடவை படித்தாள்.

நார்த்தங்காய் வாங்கி வை.

சுமந்த்